விஜயதசமிக்குக் கடையடைப்பு

மன்னிச்சுக்குங்க, பக்கத்துல உக்காந்தா கண்ணுல படத்தானே செய்யும். போன்ல காரு பாக்கறீங்களாட்ட இருக்குது. பாருங்க, பாருங்க, நான் ஒண்ணும் சொல்லலை. பாக்கறதுக்குக் காசா பணமா. ஆனா அடியில ஒரு பச்சைப் பொத்தான் இருக்குது பாருங்க, இப்பவே புக் பண்ணுன்னு, அதை மட்டும் அமுத்திப்போடாதீங்க. அதை அமுத்தி ஒரு குடும்பமே சந்தி சிரிச்சுப்போச்சு. எந்தக் குடும்பம்னு கேக்கறீங்களா? சொல்றேன். கிணத்துக்கடவே இன்னும் வரலை, உக்கடம் போய்ச் சேர நேரங்கிடக்குது.

நான் தெய்வசிகாமணிங்க. பொள்ளாச்சியில சிகாமணி மோட்டார்ஸ், பாத்திருப்பீங்க. கண்ணாடிச் சுவரு, வாசல்ல பெரிய பிள்ளையாரு. கார் டீலரு. போதாக்குறைக்கு வாகன டீலருங்க சங்கத்துத் தலைவரும் நான்தான். கார் கடைக்காரன் எதுக்கு பஸ்ஸுல தொங்கறான்னு நினைக்கறீங்க. என்ற வண்டி சர்வீஸுல நிக்குதுங்க. நம்ம சர்வீஸுலதான். ஒரு பார்ட்டு புனேவுல இருந்து வரோணுமாம். தீபாவளிக்கு முன்னால விட்டேன், இப்ப மார்கழி நடக்குது. வந்துரும். நம்ம ஆளுங்க சொன்னாச் சொன்னதுதான்.

விசயத்துக்கு வாரேன். கரண்டுல ஓடற காரு விக்கற கம்பெனி ஒண்ணு. பேரைச் சொன்னா அதுக்கு நான் இலவச விளம்பரம் பண்ணுன மாதிரி ஆயிரும், சொல்ல மாட்டேன். அவங்க என்ன பண்ணுனாங்க, டீலரே வேண்டாம்னுட்டாங்க. கடையில்லை, கண்ணியில்லை. போன்ல அமுத்துனா காரு லாரியில ஏறி உங்க ஊட்டு வாசலுக்கே வந்துருமாம். ஊரெல்லாம் ஒரே விலையாம். பேரம் கிடையாதாம். பேரமில்லாம வாங்கறதுக்கு அது என்னுங்க, பஸ் டிக்கெட்டா?

நடுவுல நாங்க எதுக்கு இருக்கறோம்னு உங்களுக்கும் தோணும். ஒரு மனுசன் காரு வாங்க வர்றான். அவனுக்கு என்ன தெரியும்? மிதியடி வேணும்னு தெரியுமா, சேறடிக்காம இருக்க ரப்பர் வேணும்னு தெரியுமா? தெரியாததைக் கேக்க மாட்டானில்லைங்க. அதனால நாங்களே மாட்டிவிட்டு, நாங்களே பில்லுலயும் சேத்திருவோம். இன்சூரன்ஸ் வெளியில போட்டுக்கறேம்பான். வெளியில போட்டு நாளைக்கு இவன் என்ன பாடுபடுவானோன்னு நமக்குப் பதறும். நம்மகிட்டயே போடச் சொல்லுவோம். போடாட்டி வண்டி வர்றது ரெண்டு மாசம் தள்ளிப்போகும். அது தானாத் தள்ளிப்போறதுங்க, நாங்க ஒண்ணும் தள்ளறதில்லை. ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஒண்ணு போடுவோம். ஒரு வாத்தியாரு சண்டைக்கு வந்துட்டாரு, என்னத்தை ஹேண்டில் பண்ணுனீங்கன்னு. உங்களைத்தானுங்கன்னு சொன்னேன். பில்லைக் கட்டிட்டுப் போயிட்டாரு.

இப்படி ஒருத்தன் பொறுப்பா நடுவுல இருந்தாத்தான் ஜனங்களுக்கு நல்லது. எல்லா யாவாரத்துலயும் அப்படியான்னு கேட்டா, அப்படியில்லை. எனக்கு ஆனைமலைப் பக்கம் தோப்பு இருக்குது. முன்னே இளநியை உள்ளூரு யாவாரிகிட்டத்தான் போட்டுட்டிருந்தேன். அவன் சும்மா நடுவுல உக்காந்துட்டு காய்க்கு இவ்வளவுன்னு தின்னுட்டிருந்தான். ஒரு நாளைக்கு யோசிச்சேன், இவன் எதுக்குன்னு. இப்ப பெங்களூரு லாரி நேராத் தோப்புக்கே வந்துருது. அந்த யாவாரி வந்து வாசல்ல நின்னு அழுதான், எங்கப்பன் காலத்துப் பழக்கமாச்சேன்னு. பழக்கம் வேற, யாவாரம் வேறப்பான்னு ரெண்டு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவெச்சேன். அதுவும் இதுவும் ஒண்ணுதானேன்னு பாக்காதீங்க. இளநியை எவனாவது ஓட்டிப் பாத்து வாங்குவானா?

சிரிக்காதீங்க, எனக்கு நிசமாவே பயமுங்க. எங்கப்பா டிராக்டர் மெக்கானிக்கு. கடைசி வரைக்கும் அடுத்தவன் வண்டிக்கு அடியிலதான் படுத்துக் கிடந்தாரு. நான் கண்ணாடிக் கடை போட்டு, ஏசியில உக்காந்தேன். கல்யாணங்காட்சிக்குப் போனா முன் வரிசையில நாற்காலி போடறாங்க. அந்தக் கடை போச்சுன்னா எனக்கு யாருங்க நாற்காலி போடுவா? அதுக்காகத்தான் சட்டம் வேணும்னு கிளம்புனோம். இந்த ஸ்டேட்டுல எந்தக் கம்பெனி வண்டி வித்தாலும் டீலரு மூலமாத்தான் விக்கோணும்னு ஒரு சட்டம். வக்கீலை வெச்சு நாங்களே எழுதிக் கொண்டுபோய் மந்திரிகிட்டக் குடுத்தோம்.

மந்திரி நல்ல மனுசன். முழுசாப் படிச்சுட்டு, "கைத்தறியைக் காப்பாத்தற மாதிரி உங்களையும் காப்பாத்தோணுங்களா?"ன்னு கேட்டாரு. ஆமாங்கன்னு எல்லாரும் ஒரே குரல்ல சொன்னோம். ரொம்ப நேரம் சிரிச்சாரு. அப்புறம், அந்தக் கம்பெனிக்காரனும் வந்து பாத்துட்டுப் போனானாம், ஜனங்க அவன் பக்கமாம். "உங்க பக்கமும் ஜனங்க இருக்கறாங்கன்னு காட்டுங்க, சட்டசபை கூடறதுக்குள்ள பேசி முடிச்சிரலாம்"னாரு. எங்க எம்எல்ஏ கூட இருந்தாரு. அவரும் தலையாட்டுனாரு.

வந்ததும் சங்கத்தைக் கூட்டுனோம். ஜனங்க நம்ம பக்கம்னு எப்படிக் காட்டறது? காரசாரமா நாயம் ஓடுச்சு. கடைசியில செயலாளர் சுந்தரராசு எந்திரிச்சு, கடையடைப்புன்னான். எல்லாரும் கை தட்டுனாங்க. நம்ம பக்கம் அப்படித்தானுங்களே, வரி ஏறுனாலும் கடையடைப்பு, ரோடு போடலைன்னாலும் கடையடைப்பு. வேற எதுவும் எங்களுக்குத் தெரியாது. காதர் பாய்னு ஒருத்தரு, பைக் டீலரு, அவரு மட்டும் கையைத் தூக்குனாரு. "தலைவரே, கடைக்குப் போகாமயே வாங்கலாம்னு அவன் சொல்றான். அது தப்புன்னு காட்டறதுக்கு நாமளே கடையைப் பூட்டறமா?"ன்னாரு. உக்காருங்க பாய், எல்லாத்துலயும் குறுக்க பேசிட்டுன்னு உக்கார வெச்சுட்டோம்.

எந்த நாள்னு அடுத்த கேள்வி. ஆடியில அடைக்கலாம்னான் ஒருத்தன். ஆடியில அடைச்சா எவனுக்குத் தெரியும், அப்ப வண்டி எடுக்கவே எவனும் வரமாட்டானே. நான்தானுங்க சொன்னேன், விஜயதசமின்னு. வருசத்துலயே வண்டி எடுக்க அதைவிட நல்ல நாள் உண்டா? அன்னைக்கு யாருக்கும் வண்டி இல்லைன்னு சொல்லிப்போடு. ஜனங்க தவிச்சுப் போகோணும். தவிச்சாத்தான் நம்ம அருமை தெரியும். இதுவும் நல்லாக் கை தட்டு வாங்குச்சு. பணம் கட்டி, மாலைக்குச் சொல்லி வெச்சு, ஜாதகம் பாத்து நேரங் குறிச்சு வெச்சிருந்தவங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னோம். என்ன பேச்சுப் பேசுனாங்கன்னு இப்ப சொல்ல முடியாது, பஸ்ஸுல பொம்பளைங்க இருக்கறாங்க. ஆனா மனசுக்குள்ள எனக்குச் சந்தோசம்தான். பாத்தீங்களா, நாம இல்லாம எப்படிக் கொதிக்கறாங்கன்னு.

இதுக்கு நடுவுல என்ற ஊட்டுக்காரி விசயம் ஒண்ணு சொல்லோணும். மரகதம்னு பேரு. தோப்பு வேலையெல்லாம் அவதான் பாக்கறா. தனியா ஒரு காரு வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டுட்டிருந்தா. கார் கடைக்காரன் பொண்டாட்டிக்குக் காருக்கா பஞ்சம்? பழைய வண்டிக்குப் புது வண்டின்னு மாத்திட்டுப் போவாங்களே, அதுல வந்ததை ஓட்டக் குடுப்பேன். எவனாவது விலைக்குக் கேட்டா வித்துருவேன். அடுத்தது வரும், அதைக் குடுப்பேன். ஒரு தடவை சந்தையில காய் வாங்கிட்டு வெளிய வந்து பாத்தா வண்டியைக் காணோம். நான்தான் ஆள் விட்டு எடுத்தாரச் சொல்லிட்டேன், பார்ட்டி அவசரப்பட்டாங்க. டிக்கியில தோப்புக்கு வாங்குன கடப்பாரை இருந்துச்சாம். அதைப் போயிப் பெரிசாச் சொல்லிட்டிருந்தா.

நான் சென்னைக்குப் போயிருந்தப்ப அவளே நம்ம கடைக்குப் போயிருக்கறா, வாங்கறவ மாதிரி. புதுசாச் சேந்த சேல்ஸ்மேனுக்கு ஆளைத் தெரியலை. "சார் வரலைங்களா?"ன்னு கேட்டிருக்கான். இல்லைன்னதும், "சார் வந்ததும் வாங்கம்மா"ன்னு சொல்லி, தண்ணி மட்டும் குடுத்து அனுப்பிட்டான். வந்து என்கிட்டச் சொன்னா. ஏன் அம்மிணி, நீ யாருன்னு சொல்லியிருந்தா டீயே குடுத்திருப்பானேன்னேன். "சொல்லிட்டுத்தான் குடிக்கோணுங்களா"ன்னு உள்ள போயிட்டா. அந்தப் பையன் மேல தப்பில்லைங்க. பொம்பளைங்க தனியா வந்தா நேரம் வீணாப் போகும்னு நான்தான் சொல்லிக் குடுத்திருந்தேன்.

விஜயதசமி வந்துச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பந்தலு, மைக்கு, கறுப்புக்கொடி. ஊருல ஒரு ஷோரூம் திறக்கலை. நான் பேசறேன். "காரு என்ன அப்பளமா, ஊட்டு வாசல்ல கொண்டாந்து விக்கறதுக்கு? நம்ம பொள்ளாச்சியில ஒரு மானமுள்ள குடும்பம் அதை வாங்குமா? அந்த வண்டி எவன் வாசல்ல நிக்குதோ, அவன் ஊட்டுல நான் பச்சைத்தண்ணி குடிக்க மாட்டேன்"னு சபதமே போட்டுட்டேன். நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. அது எதுக்குச் சொன்னாங்கன்னு அன்னைக்குப் புரியலை.

பேசிட்டிருக்கையிலேயே ஒரு லாரி வந்து எங்க கூட்டத்துல மாட்டிக்கிச்சு. மேல ஒரே ஒரு காரு, தார்ப்பாய் போட்டு மூடியிருக்குது. அந்தக் கம்பெனி வண்டிதான். கூட்டம் சுத்திக்கிச்சு. டிரைவர் வடக்கத்திக்காரரு, போனைக் காட்டறாரு, விலாசம் எங்கன்னு. எனக்குச் சாமி வந்த மாதிரி ஆயிருச்சு. கொண்டாங்க அந்தப் போனை, யாரு அந்தத் துரோகின்னு ஊருக்கே படிச்சுக் காட்டறேன்னு மைக்கு முன்னாலயே படிச்சேன். ஆர். மரகதம், மகாலிங்கபுரம், புதிய எண் இருபத்தேழு.

உங்களுக்கு இப்பவே விளங்கிருச்சு. எனக்கு விளங்கலைங்க. என்ற ஊட்டு நம்பர் பதினொண்ணு. எப்பவோ நகராட்சிக்காரன் வந்து புது நம்பருன்னு தகரம் அடிச்சுட்டுப் போனான், அது பழைய நம்பருக்குப் பக்கத்துலயே தொங்குது, எவன் அதைப் பாத்தான்? மரகதம்ங்கற பேரு ஊருல ஆயிரம் பேருக்கு. என் சம்சாரம்னா டி. மரகதமில்லைங்களா, ஆர் எங்கிருந்து வரும்? அவங்கப்பன் பேரு ராமசாமிங்கறது அந்த நேரத்துல என் புத்தியில எட்டலை. மகாலிங்கபுரம், நாங்க இருக்கற வீதின்னதும் எனக்குத் தோணுனது எதுத்த ஊட்டுப் பல் டாக்டரு ஞானசேகரன்தான். அவரு மாமியாரு பேரும் ஏதோ மரகதமோ மாணிக்கமோ. படிச்ச திமிரு, நம்ம கடையில ஒரு வண்டி எடுத்ததில்லை. மாட்டுனாரு இன்னைக்குன்னு நினைச்சேன்.

கிளம்பு ஊர்கோலம்னேன். லாரி நடுவுல, கறுப்புக்கொடி ரெண்டு பக்கமும், நான் முன்னால. ஒழிக ஒழிகன்னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்திட்டுப் போறேன். நம்ம வீதி திரும்புனதும் ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு வழி காட்டற மாதிரி நானே லாரிக்குக் கை காட்டறேன், இக்கட்டால வா, இந்தப் பக்கம், இன்னும் வான்னு. காதர் பாய் என் சட்டையைப் பிடிச்சு இழுக்கறாரு, "தலைவரே, சித்த நில்லுங்க, தலைவரே"ன்னு. உதறிப்போட்டேன். டாக்டரு மாடியில நின்னுட்டு வேடிக்கை பாக்கறாரு. எறங்கி வாங்க டாக்டரேன்னு கூப்பிடறேன். லாரி அவரு ஊட்டு முன்னால நிக்காம, எதுத்தாப்பல திரும்பி, என்ற கேட்டுக்கு முன்னால போயி நின்னுச்சு.

கேட்டு திறந்துச்சு. மரகதம் பட்டுச்சேலை கட்டிட்டு நிக்கறா. கையில ஆரத்தித் தட்டு. பக்கத்துல பூசணிக்காய், எலுமிச்சம்பழம், மாலை, எல்லாம் தயாரு. நான் என்னமோ சொல்லலாம்னு வாயைத் திறந்தா தொண்டையில இருந்து ஒழிகன்னுதான் வருது.

"ஏ மரகதம், என்ன கூத்து இது? நம்ம கடையில இல்லாத காரா?"ன்னு மெதுவாத்தான் கேட்டேன்.

"விஜயதசமிக்கு எடுக்கோணும்னு ஆசைங்க. நம்ம கடை அன்னைக்கு லீவுன்னு போஸ்டர் ஒட்டியிருந்துச்சு"ன்னா.

யாரோ ஒருத்தன் சிரிச்சுட்டான். சுந்தரராசுன்னுதான் எனக்குச் சந்தேகம். அவ அதைக் காதுல போட்டுக்கலை, கூட்டத்தைப் பாத்து, "வெயில்ல நடந்து வந்திருக்கறீங்க, எல்லாரும் உள்ள வாங்க, மோர் இருக்குது"ன்னா. சங்கத்துக்காரங்க கறுப்புக்கொடியை என்ற ஊட்டுச் சுவத்துல சாத்தி வெச்சுட்டு வரிசையா நின்னு மோர் குடிச்சாங்க. ரெண்டு டம்ளர் குடிச்சவனும் உண்டு. எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில வெச்சுக் குடுத்ததே காதர் பாய்தான். நான் மோரைத் தொடலைங்க. மைக்குல சொன்ன வாக்கு இருக்குதில்லை. இன்னை வரைக்கும் என் ஊட்டுல நான் பச்சைத்தண்ணி குடிக்கறதில்லை. காய்ச்சி ஆற வெச்சுத்தான் குடிக்கறேன். வாக்குன்னா வாக்கு.

அதை எவனோ படம் புடிச்சு ஊரெல்லாம் அனுப்பிட்டான். நான் லாரிக்குக் கை காட்டறது மட்டும் தனியா ஒரு பாட்டோட சுத்துச்சாம். அந்தக் கம்பெனிக்கு நம்ம பக்கத்துல எப்பவும் விட எச்சா புக்கிங் ஆனது அந்த வாரத்துலதான்னு சொல்றாங்க. விஜயதசமிக்கு வண்டி குடுக்காம விட்டோமே, அவங்கள்ல பாதிப்பேரு பணத்தைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. எம்எல்ஏ போன் போட்டாரு. "ஏனுங்க சிகாமணி, ஜனங்க யாரு பக்கம்னு காட்டச் சொன்னோம், நல்லாக் காட்டிட்டீங்க"ன்னாரு. அந்த மனுசன் பாராட்டறாரா திட்டறாரான்னு எனக்கு இன்னும் பிடிபடலை. சட்டம் பரிசீலனையில இருக்குதுன்னு பேப்பர்ல ஒரு வரி வந்துச்சு. இன்னைக்குக் கோயமுத்தூருல மண்டலக் கூட்டம், அடுத்து என்ன பண்றதுன்னு பேசத்தான் போறேன். மறுபடியும் கடையடைப்புத்தான்னு சுந்தரராசு சொல்லிட்டிருக்கான். இந்தத் தடவை மூணு நாளைக்காம்.

அவளும் இன்னைக்குக் கோயமுத்தூருதான் வர்றா. தோப்புக்கு மோட்டார் வாங்கோணுமாம். காலையில வண்டியைத் திருப்பி நிறுத்திட்டு, வர்றீங்களான்னு கேட்டா. சங்கத் தலைவரு அதுல போயி இறங்குனா நல்லாவா இருக்கும்? பஸ்ஸே எனக்குப் போதும்னுட்டேன். சரிங்கன்னுட்டுப் போயிட்டா. சத்தமே இல்லைங்க அந்த வண்டியில, வாசல்ல இருந்து போனதே தெரியலை. என்னமோ ஊடே வெறிச்சுன்னு ஆயிருச்சு.

நீங்க தப்பா நினைக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன், இதை நான் சங்கத்துல யாருகிட்டயும் சொல்லலை. அன்னைக்குப் பொழுதோட கூட்டமெல்லாம் கலைஞ்சு போனப்புறம் அவளை உக்கார வெச்சுக் கேட்டேன். நான் என்ன குறை வெச்சேன்? கடையே உன்னுதுதானே? என்ற மானத்தை வாங்கிட்டுப் போன்ல போயி வாங்கற அளவுக்கு அதுல என்ன அம்மிணி இருக்குதுன்னு. சண்டை போடுவான்னு பாத்தேன். போடலை. பாத்திரத்தைக் கழுவிட்டே சொன்னா.

"இத்தனை வருசமாக் காரு விக்கறீங்க. உனக்கு என்ன கலர் வேணும்னு என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கறீங்களா? அந்தப் போன் கேட்டுச்சுங்க."

இவ்வளவுதான் சொன்னா. நான் என்ன வேணும்னா கேக்காம இருந்தேன், தோணலைங்க. தோணவே இல்லை. அந்தக் கம்பெனிக்காரனை மட்டும் நான் விடறதா இல்லை.

இதோ, மேம்பாலம் தெரியுது, உக்கடம் வந்துருச்சு. பையை எடுத்துக்குங்க.

என்னுங்க? அவ என்ன கலர் எடுத்தாளா?

வெள்ளை இல்லைங்க, அது நிச்சயம். நம்ம கடையில பாதி வெள்ளைதான், இது அது இல்லை. ஏதோ ஒரு கலரு. தினமும் வாசல்லதான் நிக்குது, நானும் பாத்துட்டுத்தான் போறேன். என்ன கலருன்னா... அவகிட்டத்தானுங்க கேக்கோணும்.